அம்மம்மாவின் குருவிகளும் பேரனின் காலில் இருந்த உண்ணியும்

கேள்வி: நாங்கள் கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில், ரூஜ் பள்ளத்தாக்குக்குக் கிட்ட இருக்கிறோம். 74 வயதான என் அம்மாவும் எங்களோடுதான். ஊரில் காகத்துக்குச் சோறு வைத்துப் பழகியவர். இங்கேயும் காலையில் பின்வளவு வேலியோரமாக ஒரு பிடி சோறும் சூரியகாந்தி விதையும் தரையில் போடுவார். அதே இடத்தில் பறவைத் தீனித் தொட்டி ஒன்றும் தொங்குகிறது. ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, 9 வயது மகனின் முழங்கால் மடிப்பில் கசகசா விதை அளவில் ஒரு உண்ணி கடித்துக்கொண்டிருந்தது. தட்டையாக, கறுப்பாக இருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டேன். காட்டுப் பறவைகள்தான் உண்ணியைக் கொண்டுவருகின்றன, அதில் லைம் நோய்க் கிருமி இருக்கும் என்று என் கணவர் எங்கோ படித்துவிட்டு, அன்றைக்கே தொட்டியைக் கழற்றிவிட்டார். அம்மா அவரோடு பேசுவதில்லை. முந்தின நாள் மத்தியானம் நாங்கள் எல்லோரும் ரூஜ் பார்க்கில் நடக்கப் போயிருந்தோம். பறவைகள் உண்ணியைக் கொண்டுவருவது உண்மையா? மகனுக்கு ஆபத்து இருக்கிறதா? அம்மா இனிக் குருவிகளுக்குச் சாப்பாடு போடக் கூடாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகனைப் பற்றிப் பேசுவோம். குருவிகளை அப்புறம் பார்க்கலாம். நான் கால்நடை வைத்தியர். காட்டுயிர்களும் அவற்றில் ஒட்டி வாழும் உண்ணிகளும்தான் என் வேலை. ஆகவே மகனின் உடல்நிலை பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் குடும்ப வைத்தியர். ஆனால் அந்த உண்ணியைப் பற்றி நான் சொல்லலாம்.

அது தட்டையாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நிம்மதி தந்த வரி அதுதான். வயிறு நிறைய இரத்தம் குடித்த உண்ணி தட்டையாக இருக்காது. உப்பி, உருண்டு, சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். சனிக்கிழமை மத்தியானம் பார்க்கில் நடந்தீர்கள், ஞாயிறு காலை பார்த்துவிட்டீர்கள். பார்க்கில்தான் ஏறியது என்றால் அது ஒரு நாள்கூடக் கடித்துக்கொண்டிருக்கவில்லை. லைம் நோயை உண்டாக்குவது பொரெலியா பர்க்டோர்ஃபெரி என்ற சுருள் வடிவ பாக்டீரியா. அது உண்ணியின் வாயில் தயாராக இருப்பதில்லை, குடலில் அடங்கிக் கிடக்கும். சூடான இரத்தம் உள்ளே வந்த பிறகுதான் பெருகத் தொடங்கும். பிறகு தன் மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொண்டு, குடலைத் தாண்டி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய், அங்கிருந்து நம் தோலுக்குள் இறங்கும். இதற்கெல்லாம் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். 24 மணி நேரத்துக்குள் பிடுங்கிய உண்ணியால் லைம் வரும் வாய்ப்பு மிகவும் குறைவு.

உண்ணி உப்பியிருந்து, 24 மணி நேரத்துக்கு மேல் கடித்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கதை வேறு. அப்போது, பிடுங்கி 72 மணி நேரத்துக்குள் டொக்ஸிசைக்ளின் என்ற பாக்டீரியாக் கொல்லி மருந்தை ஒரே ஒரு வேளை கொடுத்து நோயைத் தடுக்கும் வழி உண்டு. ஒன்ராறியோவில் 2023 ஜனவரியிலிருந்து பார்மசியில் இருக்கும் மருந்தாளரே இதைப் பரிசீலித்து எழுதித் தரலாம். எல்லோருக்கும் பொருந்தாது, வயதையும் உடல்நிலையையும் பார்த்துத்தான் தருவார்கள். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது அந்த 72 மணி நேரம் கடந்துபோயிருக்கும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது தேவைப்பட்டிருக்கவும் இல்லை. ஆனாலும் இந்தப் பத்தியைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது கவனித்துக்கொண்டிருப்பதுதான். கடித்த நாளிலிருந்து 30 நாட்கள். கடித்த இடத்தில் நாளுக்கு நாள் பரந்துகொண்டே போகும் ஒரு படை, காய்ச்சல், தலைவலி, அசாதாரணக் களைப்பு, கழுத்து இறுக்கம், மூட்டு வலி, முகத்தில் ஒரு பக்கம் தொங்குவது. இவற்றில் எது வந்தாலும் வைத்தியரிடம் போங்கள். இங்கே லைமைப் பரப்புவது கருங்கால் உண்ணி என்ற வகை. அது லைமை மட்டும் பரப்புவதில்லை. அனாபிளாஸ்மா என்ற இன்னொரு பாக்டீரியாவும் அதன் வழியாக வரும். இது லைமைவிடச் சீக்கிரம் உடலுக்குள் இறங்கும், படை எதுவும் போடாமல் வெறும் காய்ச்சலாகவே காட்டும். அதனால் படையை மட்டும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அந்தப் படையைப் பற்றி நம்மவர்களுக்கு ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். சிவப்பு வளையம், நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு என்று சுவரொட்டிகளில் போடும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அது அப்படித் தெரியாமல் போகலாம். கன்றிப்போன இடம் போலக் கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ, சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கறுத்தோ தெரியும். வளையம் வராமலேகூட இருக்கலாம். நிறத்தைப் பார்க்காதீர்கள், பரவுகிறதா என்று பாருங்கள். பேனாவால் விளிம்பில் கோடு போட்டு வையுங்கள். அடுத்த நாள் கோட்டைத் தாண்டி, 5 சென்ரிமீற்றருக்கு மேல் பரந்திருந்தால் படம் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் காட்டுங்கள். படை அப்படி இருந்தால் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் சில வாரங்களில் பரிசோதனை ‘நோய் இல்லை’ என்று காட்டினாலும் நோய் இருக்கலாம், ஏனென்றால் உடம்பு எதிர்ப்பொருளை உருவாக்க நாள் எடுக்கும். ஆரம்பத்திலேயே பிடித்தால் இரண்டு வாரத்துக்கு உட்பட்ட மருந்திலேயே பெரும்பாலும் முழுதாகக் குணமாகிவிடும். அலட்சியமாக விட்டால்தான் மூட்டு, நரம்பு, இதயம் என்று போகும்.

சரி, இப்போது குருவிகள்.

உங்கள் கணவர் படித்தது கட்டுக்கதை இல்லை. பறவைகள் உண்ணியைச் சுமக்கின்றன, அதுவும் நம்ப முடியாத அளவில். ஒவ்வொரு வசந்தகாலத்திலும் தெற்கிலிருந்து வரும் பறவைகள் 5 கோடியிலிருந்து 17.5 கோடி வரையான கருங்கால் உண்ணிகளைக் கனடாவெங்கும் கொண்டுவந்து உதிர்க்கின்றன என்று நிக்கலஸ் ஓக்டனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2008இல் கணக்கிட்டார்கள். அந்த மதிப்பீட்டுக்கு ஆதாரம், பறவைகளைப் பிடித்து அடையாளத்துக்குக் காலில் வளையம் போட்டு விடும் நிலையங்களில் சேகரித்த உண்ணிகள்.

ஈரி ஏரிக்குள் சுமார் 40 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் லோங் பொயின்ட் என்ற மணல்திட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏரியைத் தாண்டி வரும் பறவைகள் களைத்துப் போய் முதலில் இறங்கும் கரைகளில் அதுவும் ஒன்று. 1990களின் தொடக்கம் வரை கனடாவில் கருங்கால் உண்ணி நிலையாகக் குடியிருப்பதாகத் தெரிந்த ஒரே இடமும் அந்த லோங் பொயின்ட்தான். இன்றைக்குத் தெற்கு ஒன்ராறியோ, கியூபெக், கடலோர மாகாணங்கள், மனிடோபா என்று பரவிவிட்டது. உங்கள் ரூஜ் பள்ளத்தாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நாடு முழுவதும் லைம் நோயாளரைக் கணக்கெடுக்கத் தொடங்கிய 2009இல் பதிவானவர்கள் 144 பேர். 2021இல் 3,147 பேர்.

வளையம் போடும் வேலையில் ஒரு ரொபினைக் கையில் பிடித்துப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். செம்மஞ்சள் நெஞ்சோடு புல்தரையில் தத்தித் தத்தி மண்புழு இழுக்குமே, அந்தப் பறவைதான். அதன் உடம்பில் உண்ணி அவ்வளவாக இருக்காது, ஏனென்றால் அலகால் கோதி எடுத்துவிடும். அலகு எட்டாத இடம் அதன் சொந்தத் தலை. கண் இமை ஓரம், அலகின் கடைவாய், காதுத் துளையைச் சுற்றி இறகை மெல்ல ஊதி விலக்கினால் சாம்பல் நிற மணிகள் வரிசையாக ஒட்டியிருப்பது தெரியும். ஒவ்வொன்றும் இரத்தம் குடித்து உப்பிய ஒரு குஞ்சு உண்ணி. சருகைப் புரட்டி இரை தேடும்போது, தரைமட்டத்தில் காத்திருப்பவை நேரே முகத்தில் ஏறிவிடுகின்றன. ரொபின், பாட்டுக்குருவி, ரென், த்ரஷ், கிராக்கிள் போலத் தரையில் மேயும் பறவைகளில்தான் இவை அதிகம். கிளையிலேயே இரை தேடும் சின்னக் குருவிகளில் குறைவு. பளபளவென்று கறுத்த உடம்பும் மஞ்சள் கண்ணுமாக அம்மாவின் சோற்றுக்கு வருபவை பெரும்பாலும் கிராக்கிள்களாகத்தான் இருக்கும்.

இதுவரைக்கும் உங்கள் கணவர் சொன்னது சரி. ஆனால் தொட்டியைக் கழற்றியது சரியான வைத்தியம் இல்லை. ஏன் என்று விளங்க உண்ணியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கருங்கால் உண்ணி சாதாரணமாக இரண்டு வருடம் வாழும். அந்த இரண்டு வருடத்தில் அது சாப்பிடுவது மூன்றே மூன்று வேளை. முட்டையிலிருந்து ஆறு காலோடு வெளிவரும் குஞ்சு ஒரு பிராணியின் இரத்தத்தை ஒரு முறை குடிக்கும், கீழே விழும், தோலுரிக்கும். எட்டுக் காலுள்ள இளம் உண்ணியாக மாறி இன்னொரு முறை குடிக்கும், விழும், மறுபடி தோலுரிக்கும். வளர்ந்த பிறகு கடைசியாக ஒரு முறை, பெரும்பாலும் மானில். ஆண் உண்ணியும் பெண் உண்ணியும் அங்கேதான் சந்திக்கும். பெண் உண்ணி பிறகு தரையில் முட்டையிட்டுச் செத்துப்போகும்.

பறவையிலிருந்து விழும் உண்ணி, வயிறு நிறைந்து விழும் உண்ணி. அது அப்போதே இன்னொருவரைத் தேடிக் கடிக்காது. தோலுரித்து அடுத்த பருவத்துக்கு வர வாரக்கணக்கில், பல நேரம் மாதக்கணக்கில் ஆகும். அந்தக் காலம் முழுக்க அது காய்ந்துபோகாமல் இருக்க வேண்டும். வெயில் படும் வெட்டிய புல்தரையில் விழுந்தால் உலர்ந்து செத்துவிடும், ஈரமான சருகுக்குள் விழுந்தால்தான் பிழைக்கும். பிழைத்து வளர்ந்தாலும் அது ஒன்றால் மட்டும் ஒரு கூட்டம் உருவாகிவிடாது. துணை வேண்டும், மான் வேண்டும், முட்டை பொரிக்கும் அளவுக்குக் கோடையில் சூடு வேண்டும். அதனால்தான் பறவைகள் எத்தனையோ காலமாகக் கொண்டுவந்து உதிர்த்தும், உண்ணி இங்கே குடியேறியது அண்மைக் காலத்தில்தான். வெப்பம் ஏறியது, காடும் வீடும் ஒன்றோடொன்று கலந்தன, மானும் எலியும் பெருகின. கோடிக்கணக்கில் விழுபவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் போகின்றன.

இன்னொரு விஷயம். முட்டையிலிருந்து வரும் உண்ணிக் குஞ்சில் லைம் கிருமி இருப்பதில்லை. தாயிடமிருந்து அது வருவதில்லை, முதல் வேளை இரத்தத்தில்தான் வரும். யாருடைய இரத்தம் என்பது இங்கே முக்கியம். இந்த நாட்டில் கிருமியின் பெரிய கிடங்கு வெள்ளைக்கால் எலி. மானின் இரத்தத்தில் கிருமி தங்காது, அது உண்ணிக்குச் சோறு மட்டும்தான். பறவைகளில் எல்லாம் ஒன்றில்லை. ரொபின் கிட்டத்தட்ட எலியைப் போலவே உண்ணிக்குக் கிருமியைக் கொடுக்கும் என்று 2000இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. ஆனால் எலியைப் போல நீண்ட காலம் கொடுப்பதில்லை, இரண்டு மாதம் போனால் குறைந்துவிடும். அதே தோட்டத்தில் மேயும் கேட்பேர்ட் என்ற சாம்பல் பறவையிடமிருந்து உண்ணிக்குக் கிருமி தொற்றுவதே அரிது. ஆக, உண்ணி ஒட்டிய பறவையெல்லாம் நோயைச் சுமக்கும் பறவை இல்லை.

இதை வைத்து உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். மகனைக் கடித்தது கசகசா அளவு உண்ணி, அதாவது இரண்டாம் பருவத்து இளம் உண்ணி. அது தன் முதல் வேளையைப் போன வருடக் கோடையின் பிற்பகுதியில் எங்கோ குடித்து முடித்துவிட்டது. எலியிலா, ரொபினிலா என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு பனிக்காலம் முழுக்கச் சருகுக்குள் கிடந்து, மே மாதத்தில் எழுந்து, புல் நுனியிலோ சருகின் மேலோ முன்கால்களை விரித்துக் காத்திருந்தது. மகன் ரூஜ் பார்க் பாதையோரம் நடந்ததற்கும் உண்ணி தட்டையாக இருந்ததற்கும் நேரம் பொருந்துகிறது. அம்மா அந்த வாரம் போட்ட சோற்றுக்கு வந்த குருவி இந்தக் கடிக்குக் காரணமாக இருக்கவே முடியாது. பின்வளவு முழுதாகத் தப்பித்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு வருகிறேன். ஆனால் சனிக்கிழமை வீடு திரும்பியதும் மகனைக் குளிக்க வைத்து முழங்கால் மடிப்பைப் பார்த்திருந்தால் அன்றைக்கே அகப்பட்டிருக்கும். பழி குருவி மேல் விழுந்துவிட்டால் இந்தப் பரிசோதனை மறந்துபோகும். எனக்கு இருக்கும் கவலை அதுதான்.

உங்கள் அம்மாவிடம் சொல்வதற்கு ஒரு பழைய கதை. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் கூட்டமாகச் செத்தன, பக்கத்து ஊர் மனிதருக்கும் கடும் காய்ச்சல் வந்தது. காரணம் உண்ணி பரப்பும் ஒரு வைரஸ். பாக்டீரியா அல்ல, ஆனால் பரவும் வழி இதே போலத்தான். ரஷ்யாவில் இருந்த ஒரு மூளைக் காய்ச்சல் வைரசுக்கு அது உறவு என்று தெரிந்ததும், வலசை வரும் பறவைகள்தான் அங்கிருந்து உண்ணியோடு கொண்டுவந்திருக்க வேண்டும் என்ற சந்தேகம் எழுந்தது. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு பறவை ஆய்வாளர் சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் பறவைகளுக்கு வளையம் போடும் பெரிய வேலையைத் தொடங்க அந்தச் சந்தேகமும் ஒரு காரணம். நம் கோடியக்கரையும் பின்னாளில் அந்த வேலையின் முக்கியமான களமானது. பறவைகள் உண்ணி சுமப்பது தெரியவந்தது. ஆனால் அவை அந்த நோயைக் கண்டம் தாண்டிக் கொண்டுவந்தன என்பது நிரூபணமாகவில்லை. நோய் தன் சொந்தக் காட்டின் உண்ணியிலும் பிராணிகளிலும்தான் வேரூன்றியிருந்தது.

ஆனால் பறவை கிருமியைக் கண்டம் தாண்டிக் கொண்டுபோவதே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. கடற்பறவைகளில் வாழும் ஒரு வகை உண்ணியில் பொரெலியா கரினி என்ற கிருமி வட துருவப் பக்கத்திலும் தென் துருவப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1990களில் காட்டினார்கள். ஐரோப்பாவில் அதே கிருமிதான் நரம்பைத் தாக்கும் லைம் வகைக்கு முக்கிய காரணம், அங்கே அதன் கிடங்கு பறவைகளே. ரெட்விங் என்ற த்ரஷ் பறவையின் உடம்பில் அடங்கிக் கிடந்த கிருமி, வலசைக்குப் பறவை பரபரக்கும் காலத்தில் மறுபடி இரத்தத்தில் தலைகாட்டியதையும் அவர்கள் கண்டார்கள். இது எனக்கு இன்றைக்கும் வியப்பைத் தரும் விஷயம். பயணத்துக்குத் தயாராகும் உடம்பின் பரபரப்பே கிருமிக்கு வழிவிடுகிறது போலும்.

இப்போது உங்கள் பின்வளவுக்கு வருவோம். அங்கே என்னைக் கவலைப்பட வைப்பது தொட்டியை விட, தொட்டிக்குக் கீழே கிடக்கும் தரை. வேலியோரம் சருகு, அதன்மேல் சிந்திய விதை, கூடவே சோறு. பகலில் வரும் பறவைகளில் சில உண்ணியை உதிர்க்கும், சருகு அதைக் காப்பாற்றும். இரவில் அதே சோற்றுக்கும் விதைக்கும் எலி வரும், அணில் வரும், ரக்கூனும் வரும். எலி வந்து தங்கினால்தான் கிருமிச் சுழற்சிக்கு வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில் சேரும்.

ஆகவே தரையில் சோறு போடுவதை அம்மா நிறுத்த வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரொறன்ரோ நகர விதிகளும் காட்டுயிர்களுக்கு இப்படி உணவு போடுவதை அனுமதிப்பதில்லை. சுத்தமாக வைத்திருக்கும் பறவைத் தீனித் தொட்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. உப்புப் போட்டுச் சமைத்த சோறு பறவைக்கும் நல்லதில்லை. தொட்டியை மறுபடி மாட்டுங்கள், ஆனால் வேலியோரம் வேண்டாம். நல்ல வெயில் விழும் திறந்த இடத்தில் ஒரு கம்பம் நட்டு மாட்டுங்கள், மகன் விளையாடும் இடத்திலிருந்து தள்ளி. தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பு வாங்கினால் கோது சிந்தாது. தொட்டிக்கு அடியில் அகலமான தட்டு ஒன்று பொருத்துங்கள். தரையில் நாலு சீமெந்துக் கல் பதித்து, பொழுது சாய்வதற்குள் கூட்டிவிடுங்கள், இரவுக்கு எலிக்கு ஒன்றும் மிஞ்சக் கூடாது. ஒரு நாளில் தீரும் அளவு மட்டும் அம்மா காலையில் போடட்டும். அவருக்குப் பிடித்த காலை வேலை கைவிட்டுப் போகாது.

வேலியோரச் சருகை வாரி அள்ளுங்கள், புல்லைக் குட்டையாக வெட்டுங்கள். உங்கள் வளவு பள்ளத்தாக்குக் காட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், காட்டுக்கும் புல்லுக்கும் நடுவில் ஒரு மீற்றர் அகலத்துக்கு மரச்சீவலோ சரளைக்கல்லோ கொட்டுங்கள். ஈரமில்லாத அந்தப் பட்டையைத் தாண்டி வர உண்ணி தயங்கும், பிள்ளைக்கும் எல்லை எது என்று கண்ணுக்குத் தெரியும். விறகு அடுக்கி வைத்திருந்தால் வீட்டிலிருந்து தள்ளி வெயிலில் வையுங்கள், எலிக்கு அது பிடித்த வீடு. இவ்வளவு செய்தும் உங்கள் கணவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு நடுவழி உண்டு. பனி மூடிய மாதங்களில் மட்டும் தீனி போடுங்கள். அப்போது உண்ணி பனிக்கடியில் அடங்கியிருக்கும், பறவைக்கும் உண்மையில் சாப்பாடு தேவைப்படும் காலம் அதுதான். கோடையில் அவற்றுக்குப் புழுவும் பூச்சியும் தாராளமாகக் கிடைக்கும்.

ஜன்னல் கண்ணாடியில் மோதி விழும் பறவையை வெறும் கையால் தூக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லி வையுங்கள். கையுறை போட்டோ துணியால் மூடியோ எடுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். உயிருள்ள பறவையைவிட்டு உண்ணி நம்மேல் தாவுவதில்லை. செத்து உடம்பு குளிர்ந்த பறவையிலிருந்து, பாதி குடித்த உண்ணி இறங்கி வரக்கூடும்.

அப்புறம் நடைப்பயணம். ரூஜ் பார்க்குக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பாதையின் நடுவில் நடங்கள். வெளிர்நிறக் காற்சட்டை, அதன் கால் நுனியைக் காலுறைக்குள் செருகுவது, இக்காரிடின் அல்லது டீட் கலந்த பூச்சி விரட்டியைப் போத்தலில் உள்ள வயதுக் குறிப்பைப் பார்த்துப் பூசுவது. வீட்டுக்கு வந்ததும் உடுப்பைத் துவைக்கும் முன்னரே உலர்த்தியில் போட்டு, கூடிய சூட்டில் 10 நிமிடம் ஓட விடுங்கள். உண்ணிக்கு ஈரத்தைவிட வறண்ட சூடுதான் எமன். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லோரும் குளித்துவிடுங்கள். பிறகு மகனின் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, இடுப்புப் பட்டி படும் இடம், தொப்புள், அக்குள், காதின் பின்புறம், தலைமுடிக்குள் என்று விரலால் தடவிப் பாருங்கள். நம் தோலில் அந்தச் சின்ன உண்ணி மச்சம் போலத்தான் தெரியும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தட்டுப்படும். அம்மாவுக்கும் இதைச் செய்யுங்கள். வயதானவர்களை யாரும் பார்ப்பதில்லை, வேலியோரம் குனிந்து நிற்பவர் அவர்தான்.

மறுபடி ஒன்று கடித்திருந்தால் நுனி கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மேலே இழுங்கள். எண்ணெய் விடுவது, நெருப்புக் குச்சியால் சுடுவது, சுண்ணாம்பு பூசுவது எதுவும் வேண்டாம். அவை உண்ணியின் எச்சிலைக் காயத்துக்குள் கக்க வைக்கும். இடத்தைச் சோப்பால் கழுவுங்கள். இந்த முறை எறிந்துவிட்டீர்கள், பரவாயில்லை. அடுத்த முறை மூடியுள்ள சின்னப் போத்தலில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். படம் எடுத்து இ-டிக் என்ற கனடிய இணையதளத்துக்கு அனுப்பினால் எந்த வகை உண்ணி என்று இலவசமாகச் சொல்வார்கள். ஒன்ராறியோவில் நாயில் ஏறும் பெரிய உண்ணி வேறு வகை, அது லைமைப் பரப்பாது. வகை தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

மகனைக் கடித்த தேதியைச் சமையலறை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து 30ஆம் நாளையும் குறியுங்கள். அதற்குள் காய்ச்சல் வந்தால் கோடைத் தடிமன் என்று விட்டுவிடாமல், உண்ணி கடித்த தேதியையும் கடித்த இடத்தையும் ரூஜ் பார்க்கையும் நீங்களே முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.